தமிழ் வழியில் படித்து பி.எஸ்சி. நர்சிங் முடித்த கதை

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் நான். பி.எஸ்சி. நர்சிங் முடித்து இப்போது வேலையில் இருக்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், இங்கிலீஷ் சரியாக வராது, சமாளித்துவிடுவேனா அக்கா என்று ஊரிலிருந்து யாராவது போன் செய்கிறார்கள். தாராளமாக முடியும். ஆனால் படிக்கிற விதம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சேர்க்கை பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. விண்ணப்பம் ஆன்லைனில்தான். நான் சேர்ந்தபோது நீட் கேட்கவில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கவுன்சலிங். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இரண்டையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் போட்டு வையுங்கள். ஆறாவது முதல் அரசுப் பள்ளியிலேயே படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், அதையும் விட்டுவிடாதீர்கள்.

2021-இல் வந்த புதுப் பாடத்திட்டப்படி நான்கு வருடம், எட்டு செமஸ்டர், கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். முதல் செமஸ்டரிலேயே அனாடமி (உடல் அமைப்பு), பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்), சைக்காலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். மனப்பாடம் பண்ணித் தாண்டிடு என்பார்கள் சீனியர்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், ஏனென்றால் அந்த பிசியாலஜிதான் நான்கு வருடமும் வார்டில் உங்கள் எதிரே வந்து நிற்கப்போகிறது. நான் காலையில் எந்த நோயாளியைப் பார்த்தேனோ, ராத்திரி ஹாஸ்டலில் அந்த நோயைத்தான் படிப்பேன், புரியாத வார்த்தைக்கு ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்வேன். முகம் ஞாபகம் இருந்தால் பாடமும் மறக்காது.

ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கம் மஞ்சளும் கரும்பும்தானே, ராத்திரியில் தண்ணி கட்டப் போய்ப் பாம்பு கடித்து வருகிறவர்கள் அதிகம். ஒரு வார்டு போஸ்டிங்கில் அப்படி ஒரு பெரியவரைக் காலில் கயிறு கட்டிக் கூட்டி வந்தார்கள். "கண்ணு, கட்ட அவுத்து உட்ரு, காலே செத்த மாதிரி இருக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிய கட்டைச் சட்டென்று அவிழ்த்தால் தேங்கி நின்ற விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறிவிடலாம். "டாக்டர் வந்தொடனே அவுத்துரலாமுங்க அப்பாரு, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லி பக்கத்திலேயே நின்றேன். இன்சார்ஜ் சிஸ்டர் 2 மில்லி ரத்தம் எடுத்துக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, யாரும் தொடாமல் 20 நிமிடம் வைக்கச் சொன்னார். அப்புறம் சாய்த்துப் பார்த்தால் ரத்தம் தண்ணீராக ஓடியது. விரியன் விஷம் ரத்தம் உறைய வைக்கிற பொருள்களைத் தின்று தீர்த்துவிடும், அதனால்தான் உறையவில்லை. பிளாஸ்டிக் குழாயில் வைத்தால் நல்ல ரத்தமே சரியாக உறையாது, கண்ணாடி பட்டால்தான் உறைதல் தொடங்கும். முதல் வருடத்தில் வெறும் அம்புக்குறிகளாகத் தெரிந்த அந்த ரத்தம் உறைகிற பாடம் எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. விஷமுறிவு மருந்து ஏறி, பெரியவர் தேறி வீட்டுக்குப் போனார்.

கணக்குக்கும் பயப்பட வேண்டாம். 500 மில்லி டிரிப்ஸ் பாட்டில் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், அதை ஏற்றுகிற குழாய் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு வரும். இதைத் தினமும் வார்டில் நீங்களே போட்டுப் பாருங்கள், பரீட்சையில் யோசிக்கவே வேண்டியிருக்காது.

வார்டு வேலையை எழுதி வைக்கிற ரெக்கார்டு நோட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வருகையிலும் கவனம் வேண்டும். தியரிக்கு 80 சதவீத வருகை போதும், ஆனால் வார்டு டூட்டியை முழுசாக முடித்தால்தான் பட்டம், விட்ட நாளையெல்லாம் பிறகு ஈடுகட்டியே ஆக வேண்டும். பட்டம் வந்தவுடன் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துவிடுங்கள், அந்தப் பதிவு இல்லாமல் அரசு நர்ஸ் வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது.