ஈர்க்கும் சோழியும்

ஜூன் 4
என் நாவலின் கடலோடிகளுக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது. பசிபிக் பெருங்கடலில் இருக்கும் மார்ஷல் தீவுகளின் ஈர்க்கு வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். வளைத்துக் கட்டிய ஈர்க்குகள், தீவுகள் இருக்கும் இடங்களில் சோழிகள். புயலுக்கு நடுவே கிழவி அதை மடியில் வைத்து வழி பார்க்கிறாள். காட்சி மிகவும் பிடித்திருந்தது.

ஜூன் 6
காட்சி தவறு. அதைப் படகில் எடுத்துப்போகும் வழக்கமே அங்கு இருந்ததில்லை. கரையிலேயே படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். ஈர்க்குகள் காட்டுவதும் தூரத்தை அல்ல, அலையை. எங்கோ காற்று கிளப்பிவிட்ட நீண்ட அலை தீவைத் தொட்டதும் வளைகிறது, திரும்புகிறது, எதிரே வரும் அலையை வெட்டுகிறது. படகின் ஆட்டத்தில் அதை உடம்பால் உணர்ந்தார்கள். அங்குள்ள நிலம் கடல்மட்டத்துக்கு மேல் சராசரியாக 2 மீட்டர்தான். கண்ணை மட்டும் நம்பினால் தீவைத் தாண்டிப்போய்விடலாம். இந்தக் காரணத்தை விட்டுவிட்டுச் சோழியை மட்டும் அள்ளி வந்திருக்கிறேன்.

ஜூன் 9
வரைபடத்தைச் செய்தவரால்தான் அதை முழுதாகப் படிக்க முடியுமாம். அப்படியென்றால் கிழவியின் வரைபடத்தைத் திருடியவுடன் என் நாயகன் வழி கண்டுபிடிப்பது நடக்காது. அந்த அத்தியாயத்தை அடித்தேன்.

ஜூன் 13
இன்று அடித்தது ஒரே வரி: ‘அழிந்துபோன ஓர் இனத்தின் அறிவு.’ அழியவில்லை, அவர்கள் இருக்கிறார்கள். 1946 முதல் 1958 வரை அந்தத் தீவுகளில் அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. கடலோடிகள் பயிற்சி பெற்ற ரோங்கெலாப் தீவின் மீது 1954 மார்ச் 1 அன்று கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. பறிக்கப்பட்டதை ‘அழிந்தது’ என்று எழுதியிருந்தேன். வெகுநேரம் வேறெதுவும் எழுத முடியவில்லை.

ஜூன் 20
ஈர்க்கு, சோழி இரண்டையும் நீக்கிவிட்டேன். அலை தீவைச் சுற்றி வளையும் என்ற உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு, என் கடல்மேல் விலகாத மூடுபனியைப் போட்டேன். அங்கே பிறந்து வளர்பவர்கள் வழியை எதில் சேமித்து வைப்பார்கள்? ஒரு வாரம் இந்தக் கேள்வியோடே திரிந்தேன்.

தொட்டிலில்! ஒவ்வொரு நீரிணைக்கும் ஓர் ஆட்டம். இரண்டு நீளம், ஒரு குறுக்கு வெட்டு, ஒரு நிறுத்தம். கிழவி ஆட்டி வளர்த்த குழந்தைதான் நாயகன். அவன் திருடுவதற்கு எதுவும் இல்லை.

ஜூன் 22
முன்னுரையில் மார்ஷல் தீவுகளுக்கு என் கடனை எழுதினேன். பிறகு கடைசி அத்தியாயம். மூடுபனி, துடுப்பை உள்ளே இழுத்துவிட்டான், படகின் அடியில் மல்லாந்து கிடக்கிறான். இரண்டு நீளம். ஒரு குறுக்கு வெட்டு. நிறுத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான்.