பட்டு விவசாயி கேட்ட இரண்டாவது கேள்வி

விலங்கியல் சேர்க்கைக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் வேலையைப் பற்றிக் கேட்பது இயல்பு, கேட்கவும் வேண்டும். ஆனாலும் பென்னாகரம் பக்கத்திலிருந்து மகளோடு வந்த ஒரு பட்டு விவசாயிக்கு நான் சொன்ன பதிலை இன்னும் எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நீட் மதிப்பெண் மருத்துவ இடத்துக்கு எட்டவில்லை. 2017-க்குப் பிறகு எங்கள் துறைக்கு வருகிற பல பிள்ளைகளின் நிலை இதுதான்.

“இதைப் படிச்சா என்னாங்க சார் வேலை கெடைக்கும்?” என்றார்.

உள்ளதைச் சொன்னேன். மூன்றாண்டுப் பட்டத்தோடு நின்றால் பாடம் சார்ந்த வேலை அரிது. பள்ளி ஆசிரியராக மேலும் இரண்டாண்டு பி.எட். படித்துத் தகுதித் தேர்விலும் தேற வேண்டும்; கல்லூரிக்கு முதுகலையும் அதற்கு மேல் நெட், செட் எனும் விரிவுரையாளர் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேரலாம் என்று பலர் நம்பி வருகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் அந்தப் பணிக்கு மருத்துவ ஆய்வக நுட்பப் படிப்பைத்தான் கேட்கிறார்கள், விலங்கியல் பட்டம் அதற்கு ஈடாகாது. இந்திய வனப்பணித் தேர்வை இந்தப் பட்டத்தோடு எழுதலாம் என்றும், அது எத்தனை கடினமான தேர்வு என்றும் சேர்த்தே சொன்னேன்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், “பட்டு முட்டைக்கு நோய் இருக்குதான்னு மைக்ரோஸ்கோப்புல பாக்கறாங்களே, அவங்க என்னாங்க படிச்சிருப்பாங்க?” என்றார்.

நான் வகுப்பில் நடத்துகிற பாடத்தையே அவர் கேட்டுவிட்டார். பெப்ரைன் என்ற பட்டுப்புழு நோய் தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாக அடுத்த தலைமுறைப் புழுவுக்குப் போய்விடும். ஆகவே முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்த்து, கிருமியின் வித்துகள் தென்பட்டால் அந்த முட்டைகளை அழித்துவிட வேண்டும் என்ற முறையை லூயி பாஸ்டர் 1860-களில் பிரான்சில் வகுத்தார். பட்டுமுட்டை தயாரிக்கும் நிலையங்கள் இன்றும் அந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மூட்டை கொண்டு போகும் ஒருவருக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஒரு தொகுதி முட்டை கெட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும்.

“எங்களை மாதிரி படித்தவர்களும் இருப்பார்கள் ஐயா. ஆனால் மத்தியப் பட்டு வாரியத்தில் விஞ்ஞானியாகச் சேர முதுகலை வேண்டும், அறிவிப்பும் எப்போதாவதுதான் வரும்” என்றேன்.

“அப்ப அஞ்சு வருசம் படிக்க வெக்கணும்ங்க. நடுவுல கூடு வெலை எறங்கிடுச்சுன்னா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண் கடைசிவரை எதுவும் பேசவில்லை. தகப்பனார் பேசும்போது குறுக்கிடாத பிள்ளைகளே இங்கு அதிகம். அவள் ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்பில் சேர்ந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் சொன்னவற்றில் பொய் ஒன்றுமில்லை. கூட்டின் விலையை நம்பி வாழும் குடும்பத்திடம் இனிப்பாகப் பேசி மூன்று ஆண்டுகளை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவரது இரண்டாவது கேள்வி வேலையைப் பற்றியதுதானா என்ற ஐயம் எனக்குத் தீரவில்லை. தன் புழுக்கொட்டகையில் நடப்பதைத் தன் மகள் அறிந்தவளாக ஆவாளா என்று அவர் கேட்டிருக்கவும் கூடும். அப்படியானால் எப்போதாவது வரும் அறிவிப்பைப் பற்றி நான் சொன்னது அந்தக் கேள்விக்கான பதிலே அல்ல.

அதற்கடுத்த ஆண்டுகளில் சிலரிடம் நம்பிக்கையாகவே பேசினேன். அவர்களில் ஒருவர் பெரியார் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, ஓசூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி ஒரு மருந்து நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்துக்குப் போய் வருகிறார். இன்னொருவர் பட்டத்தோடு நின்று, ரோஜா ஏற்றுமதி செய்யும் ஒரு பண்ணையில் பூக்களைத் தரம் பிரிக்கிறார். இருவருக்கும் நான் சொன்னது ஒரே பதில். ஆகவே பதிலை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த ஆண்டு பெற்றோருக்குக் கொடுக்க ஒரு தாள் தயாரிக்கிறோம். பட்டு வாரியப் பணியை அதில் சேர்த்தால் வீண் ஆசை காட்டுவதாகும் என்கிறார் துறைத் தலைவர். அது முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்கிறேன் நான். தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.