அடுப்படி வாசலில் நின்றவள்

பத்திரிகைக் கதைகளுக்குப் படம் வரைய வந்த புதிதில், பேசுகிறவர் முகத்தில்தான் வெளிச்சத்தை வைப்பேன். வசனம் யாருடையதோ, படமும் அவருடையது என்று நினைத்திருந்தேன்.

ஒரு சிறுகதை வந்தது. அண்ணன் தம்பிகள் மூவர் கூடத்தில் உட்கார்ந்து வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். தாய் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூவரையும் குழல்விளக்கின் கீழே பளிச்சென்று வரைந்து, தாயைப் பின்னால் சிறிய உருவமாக நிறுத்தியிருந்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த ஓவியர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் படத்தில் யாருக்கு வலிக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவே மறுபடியும் வரைந்தேன். மகன்கள் மூவரும் நமக்கு முதுகு காட்டுகிறார்கள். வெறும் கருமையான தோள்கள். குழல்விளக்கை எடுத்தேவிட்டேன். தாய்க்குப் பின்னால் விறகடுப்பு எரிகிறது. அந்தத் தீ அவள் காதோரத்தையும் ஒரு கன்னத்தின் விளிம்பையும் நரைத்த சில முடிகளையும் மட்டும் தொடுகிறது. கண்கள் நிழலில். கண் தெரியாவிட்டால் முகம் செத்துவிடும் என்று பயந்தேன். நடந்தது நேர்மாறு. தெரியாத கண்ணைத் தேடிப் பார்ப்பவர்கள் அந்த முகத்தைவிட்டு நகரவில்லை.

அப்போது துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுத்துத்தான் அச்சடிப்பார்கள். பேனாவால் நெருக்கமாகக் குறுக்குக்கோடு போட்டால், மலிவான தாளில் மை பரவி எல்லாம் ஒரே கறையாகிவிடும். எனவே கோட்டுக்குப் பதிலாகப் புள்ளி வைத்து, நிழலுக்குள்ளும் வெள்ளையை மிச்சம் வைக்கப் பழகினேன். புள்ளி வைத்து நிழலிடும் இந்த முறைக்கு, ஓவியக்கலை பற்றியும் பேசும் பழைய வடமொழி நூலான விஷ்ணுதர்மோத்தரம் 'பிந்துஜம்' என்று பெயர் சொல்கிறது என்பதைப் பல வருடங்கள் கழித்துப் படித்தபோது, ஏதோ பழைய உறவினரைக் கண்டுபிடித்தது போல மகிழ்ந்தேன்.

வண்ணத்துக்கு வந்தபோது வேறு பாடம். நம் மாநிற முகத்தின் நிழல் கறுப்பு அல்ல. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பில் சிறிது அல்ட்ராமரின் என்ற அடர்நீலம் கலந்தால் அந்த நிழல் மூச்சுவிடும். கறுப்பைக் கலந்தால் கரி பூசியது போலிருக்கும். வெயிலில் நிற்கும் கரிய நெற்றியில் வானத்தின் நீலமே மினுங்கும். வெளிச்சம் என்றதும் முகத்தையே வெளுப்பாக்கிவிடும் வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். அது ஒளியைப் பற்றிய பொய், மனிதர்களைப் பற்றியும் பொய்.

ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் இத்தாலிய ஓவியர் காரவாஜியோ 1600-இல் முடித்த 'மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தை, வரி வசூலிக்கும் மத்தேயுவை ஏசு சீடனாக அழைக்கும் காட்சியை, நான் அச்சுப்பிரதிகளில்தான் பார்த்திருக்கிறேன். ஏசு வலப்பக்கம், பாதி இருட்டில். அவர் தலைக்கு மேலாகச் சாய்ந்து வரும் ஒளி மேசையைச் சுற்றியிருப்பவர்களின் முகங்களில் விழுகிறது. இடது ஓரத்தில் இரண்டு பேர் நிமிரவே இல்லை, காசிலேயே குனிந்திருக்கிறார்கள். அவர்கள் மீதும் ஒளி படுகிறது, அவர்கள் அதை அறியவில்லை. எனக்கு அந்த இருவர்தான் கதை.

ஆனால் நிழலே இல்லாமலும் கதை சொல்லலாம் என்று தஞ்சைப் பெரிய கோயில் நிரூபித்திருக்கிறது. நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் வெளிக்கொணர்ந்தவர் எஸ். கே. கோவிந்தசாமி. அதில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ளும் காட்சி. கிழவேதியராக வந்த சிவன், சுந்தரர் தன் அடிமை என்று ஓலையைக் காட்டி வழக்காடுகிறார். எந்த விளக்கும் இல்லை, எந்தத் திசையிலிருந்தும் வெயில் இல்லை. சபையில் இருப்பவர்களின் திகைப்பு முழுவதும் கோட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் அடுப்புத் தீயை அணைத்துவிட்டு, அந்தத் தாயை வெறும் கோட்டால் வரைய முடியுமா என்று யோசிப்பேன். இன்னும் முயலவில்லை.

இப்போது மேசையில் இருக்கும் படம்: வெகுகாலம் கழித்து மகள் வீடு திரும்புகிறாள், இரவு, அப்பா கதவைத் திறக்கிறார். விளக்கு உள்ளே எரிவதால் அவள் முகத்தில் முழு வெளிச்சம். அவர் முகம் இருட்டு. மூன்று நாட்களாக அந்த முகத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அவள் உடுத்தியிருப்பது வெளிர்மஞ்சள் சேலை. அதில் பட்டுத் திரும்பும் ஒளி அவர் தாடையை எட்டுமல்லவா? இன்று காலை அங்கே ஒரு மெல்லிய மஞ்சளை வைத்தேன்.