நைட்டு தூங்குறது யாரு?

வீடு வீடா போய் நர்சிங் பாக்க ஆரம்பிச்ச புதுசுல என் ஃபைல்ல இருந்த கேள்வி எல்லாமே டிமென்ஷியாங்கிற மறதி நோய் வந்தவங்கள பத்திதான், மாத்திரை போட்டாங்களா, சாப்பிட்டாங்களா, கீழ விழுந்தாங்களான்னு. அவங்கள பாத்துக்கிறவங்கள பத்தி ஒரு வரி கூட கிடையாது.

ஒரு வீட்ல எழுபது தாண்டின அம்மா, மகதான் தனியா பாத்துக்கிட்டாங்க. சாயங்காலம் ஆனா மட்டும் "வீட்டுக்குப் போணும்"னு கதவ தட்டிட்டு இருந்தவங்க, ரெண்டே நாள்ல ராத்திரி பகல் தெரியாம கத்த ஆரம்பிச்சுட்டாங்க, மகள அடிக்க கை ஓங்கினாங்க. நான் "நோய் முத்திருச்சுமா, இனி இப்படித்தான்"னு சொல்லிட்டேன். இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல. மகதான் விடல, "ஒவ்வொரு வாட்டியும் யூரின் போறப்ப முகத்த சுளிக்கிறாங்க சிஸ்டர்"னு சொன்னாங்க, டெஸ்ட் எடுத்தா யூரின் இன்ஃபெக்‌ஷன், ஆன்டிபயாடிக் குடுத்து கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிட்டாங்க. டிமென்ஷியா பொதுவா மாசக்கணக்குல, வருஷக்கணக்குல மெதுவா கூடுற வியாதி, ஒண்ணு ரெண்டு நாள்ல ஆளே மாறிட்டா முதல்ல உடம்பத்தான் பாக்கணும், இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, தண்ணி குடிக்காதது, புதுசா சேத்த மாத்திரை, இப்படி எதுவா வேணா இருக்கலாம். அத பாக்காம அடக்குறதுக்கு ஆன்டிசைக்காடிக்னு சொல்ற மனநல மாத்திரை போட்டா பக்கவாதம், மரணம் வரைக்கும் ரிஸ்க் கூடும்.

முகம் சுளிச்சத கவனிச்ச அந்த மக ஒரு ராத்திரி கூட முழுசா தூங்கி மாசக்கணக்காச்சுன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. உலக சுகாதார நிறுவனம் கணக்குப்படி 2019ல டிமென்ஷியாவுக்கு உலகம் முழுக்க ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர், அதுல பாதி வீட்டு ஆளுங்க சம்பளமில்லாம பாக்குற வேலையோட மதிப்பு, அப்படி பாத்துக்கிற மொத்த நேரத்துல 70% பொம்பளைங்களோடது. இவங்க படுத்துட்டா நாங்க போட்ட பிளான் எல்லாம் வெறும் பேப்பர்.

ஒரு நாள் "நீங்க போய் படுங்க, நான் இருக்கேன்"னு சொல்லிட்டு அந்த அம்மாவோட உக்காந்து துண்டு மடிச்சேன். கொஞ்ச நேரத்துல என்கிட்ட மெதுவா, "சத்தம் போடாத, பாப்பா தூங்குது"ன்னாங்க. பேர் மறந்திருந்தாலும் அது மறக்கல.

இப்ப எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கேக்குற முதல் கேள்வி, நைட்டு யாரு தூங்குறீங்க, யாரு முழிச்சிருக்கீங்கன்னுதான். அக்கம்பக்கத்துல ஒருத்தர்கிட்டயாவது விஷயத்த மறைக்காம சொல்லுங்கன்னும் சொல்றேன், கதவ தொறந்து வெளிய போனா அவங்கதான முதல்ல பாப்பாங்க. வாரத்துல ரெண்டு மணி நேரம் மாத்தி உக்கார ஒரு ஆள், அத எங்க சர்வீஸ்லயே சேக்கணும்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் கேட்டுட்டு இருக்கேன், இன்னும் சேக்கல.