கடுக்காயும் இரும்பும் சேர்ந்த கறுப்பு

அந்தப் பின்கட்டில் இருந்த எந்தப் பானையிலும் கறுப்பு இல்லை. ஒன்றில் கடுக்காய் ஊறிய மங்கலான மஞ்சள் நீர் இருந்தது. மற்றொன்றில், மெல்லிய துணியால் வாய் கட்டப்பட்ட மண்பானையில், வெளிறிய தேநீர் நிறத்தில் இரும்புக் காடி, அதாவது இரும்பு கரைந்த புளித்த நீர், இருந்தது. இவ்விரண்டும் பருத்தி நூலுக்குள் ஒன்றையொன்று தொடும்போதுதான் கறுப்பு உண்டாகிறது என்பதை நான் முன்பே படித்திருந்தாலும், என் கையில் இருந்த துணியிலேயே அது நிகழ்ந்ததைப் பார்த்தது கிருஷ்ணகிரிப் பயணத்தில்தான். பர்கூரை அடுத்த ஒரு சிற்றூரில் நண்பரின் பெரியம்மா பருத்தித் துணிக்கு இப்படி இயற்கைச் சாயம் ஏற்றும் வேலையைச் சிறிய அளவில் செய்து வருகிறார். எனக்கும் கற்றுக்கொடுக்க மனமுவந்து ஒப்புக்கொண்டார்.

அன்று காலையில் அதே வட்டத்தில் தொல்லியல் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். அங்கு இரும்பின் பயன்பாடு கி.மு. 2172 வரை பின்னோக்கிச் செல்கிறது என்ற காலக்கணிப்பு முடிவு 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அத்தனை பழைய இரும்பு உறவு கொண்ட மண்ணில், மாட்டு லாடத்தையும் துருவேறிய ஆணிகளையும் ஒருவர் கழிவு என்று எறியாமல் பானையில் சேர்த்து வைத்திருப்பதைக் கண்டபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது.

சாயம் ஏற்றுவதைவிடத் துணியை அதற்கு ஆயத்தப்படுத்துவதற்கே அதிக உழைப்பு வேண்டியிருக்கிறது. புதிய காடாத் துணியில் நெசவின்போது பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும், பருத்திக்கே உரிய மெழுகும் இருக்கும். இரவு முழுவதும் ஊறவைத்து, சலவைச் சோடா இட்ட நீரில் வேகவைத்து, பலமுறை அலசிய பின்பு, பெரியம்மா துணியின்மேல் ஒரு சொட்டு நீரை விட்டுப் பார்த்தார். அச்சொட்டு உருண்டு நிற்காமல் விழுந்த இடத்திலேயே பரவி உள்ளிறங்கினால்தான் அடுத்த வேலை. அலசுவதற்கு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் அவர், கடுக்காய் ஊறவைப்பதற்கு மட்டும் தொட்டியில் சேமித்த மழைநீரையே எடுக்கிறார். இப்பகுதியின் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. புளோரைடு பாதிப்பினால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. சாயத்துக்கோ வேறு வகையில் தொல்லை: நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து கடுக்காயின் துவர்ப்பைப் படியச் செய்துவிடும், நீரில் இரும்பு கலந்திருந்தால் மஞ்சளாக இருக்க வேண்டிய துணி முன்னதாகவே சாம்பல் பூத்துவிடும்.

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோலை இடித்துச் சலித்து, ஒரு கிலோ துணிக்கு 200 கிராம் தூள் என்ற அளவில் கரைத்தோம். அதில் ஊறிய துணியை அலசாமல், பிழிந்து மட்டும் வெயிலில் உலர்த்த வேண்டும். உலர்ந்தபின் அது வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறத்தில், கைக்குச் சற்றே விறைப்பாக இருந்தது.

இரும்புக் காடியோ வாரக்கணக்கில் காத்திருந்து செய்வது. துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் நீரில் இட்டு மூடிவைத்தால் வெல்லம் புளித்து அமிலமாகிறது. அந்த அமிலம் இரும்பைக் கரைத்துக்கொள்கிறது. “வாசனையிலேயே தெரிஞ்சிடும் கண்ணு, புளிச்ச வாடையும் ஆணி வாடையும் ஒண்ணா வரணும்” என்றார். அதற்கு மேல் அவர் எந்த அளவுகோலும் வைத்திருக்கவில்லை. ஒரு சொட்டை எடுத்துக் கடுக்காய்த் துணியின் ஓரத்தில் வைத்துப் பார்ப்பதோடு சரி.

நீர்த்த காடியில் துணியை இறக்கியதும், முதலில் நனைந்த ஓரத்திலிருந்து ஊதா சாய்ந்த சாம்பல் நிறம் ஏறத் தொடங்கியது. என் விரல்கள் இறுகப் பற்றியிருந்த மடிப்புகளில் மட்டும் மஞ்சள் எஞ்சி நின்றது. பிடியை மாற்றியவுடன் அங்கும் நிறம் பாய்ந்தது. வெளியே எடுத்து விரித்துப் பிடித்தபோது, காற்றுப் படப்பட நிறம் இன்னும் கறுத்தது. கரைந்த இரும்பு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து வேறு நிலைக்கு மாறிக் கடுக்காயின் துவர்ப்புடன் பிணைவதால் அப்படி நிகழ்கிறது. பழைய எழுத்து மைகள் பலவற்றின் கறுப்பும் இதே பிணைப்பிலிருந்து வந்ததுதான்.

ஆழ்ந்த கறுப்பு வேண்டுமென்று காடியைக் கெட்டியாக்கிவிடக் கூடாது என்பதைப் பெரியம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். இரும்பு மிகுந்தால் பருத்தி இழை நாளடைவில் வலுவிழந்து கிழியும். ஆகையால் நீர்த்த காடியில் தோய்ப்பது, உலர்த்துவது, அலசுவது, மறுபடி கடுக்காய், மறுபடி காடி என்று படிப்படியாகத்தான் போக வேண்டும். கைத்தறிக் கண்காட்சிகளில் இயற்கைச் சாயத் துணியின் விலையைக் கேட்டுவிட்டு நானே தயங்கி நின்றதுண்டு. இப்போது அவ்விலை நியாயமானது, சொல்லப்போனால் குறைவானது என்றே கருதுகிறேன். பர்கூர்க் கடைவீதியில் அடுக்கியிருக்கும் மலிவான கறுப்புத் துணியின் விலையோடு இதை ஒப்பிடுவது முறையல்ல. பருத்திக்கு மிகுதியாகப் பயன்படும் செயற்கைக் கறுப்புச் சாயம் கந்தகச் சாயம். அதன் கழிவு நீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் ஆறும் கிணறும் கெடும். திருப்பூரில் சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டதற்கு நொய்யல் ஆற்றின் நிலைதானே காரணம்? அந்தச் செலவு துணியின் விலைச்சீட்டில் ஏறுவதே இல்லை.

அதே வேளையில் இந்தக் கறுப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. புளி, எலுமிச்சை போன்றவற்றின் சாறு பட்டால் இரும்பு கழன்று அந்த இடம் வெளிறிவிடும். வீட்டுக்கு வீடு புளி அடித்துக் கொட்டை எடுக்கும் மாவட்டத்தில் இது சிறிய சிக்கல் அன்று. ஆனால் அதையே உத்தியாகக் கொண்டு, கெட்டியான எலுமிச்சைச் சாற்றில் குச்சியைத் தோய்த்துக் கறுப்புத் துணியில் கோலம் போட்டு வைத்திருந்த ஒரு துண்டை அவர் எடுத்துக் காட்டினார். கோடுகள் சாறு பட்டு வெளிறிப்போய், அடியில் இருந்த கடுக்காய் மஞ்சளாகத் தெரிந்தன. அதையும் கற்றுத்தரும்படி கேட்டேன். உடன் வேலை செய்யும் பெண்கள் மாம்பழக் கூழ் ஆலைக்குப் போய்விடும் பருவம் அது என்பதால், ஆவணியில் வரச் சொல்லியிருக்கிறார்.