கொலஸ்ரோலுக்குக் குக்குலு விழுங்குபவர்களுக்கு

வெள்ளவத்தைக் கடற்கரையில் காலையில் நடக்க வரும் எங்கள் கூட்டத்தில் இப்போது குக்குலு குளிசை பற்றித்தான் பேச்சு. கொலஸ்ரோல் இறங்குமாம், மூட்டுவலி போகுமாம். அந்தச் சரக்கைப் புறக்கோட்டை கேபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடைகளில் பார்த்திருப்பீர்கள், மஞ்சளும் கபிலமுமாகக் கட்டி கட்டியாக இருக்கும் பிசின். அது எதிலிருந்து வருகிறது என்று விசாரித்தால் "ஏதோ இந்திய மரம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மரமே இல்லை, முள்ளுப் பற்றை. கொமிபோரா வைட்டியை என்பது தாவரவியல் பெயர். ராஜஸ்தான், குஜராத்தின் கச்சுப் பக்கம், பாகிஸ்தானின் சிந்து, பலூசிஸ்தான் என்று வறண்ட கல்லுத் தரைகளில் வளர்கிறது, பெரிதாக வளர்ந்தாலும் சுமார் 4 மீற்றர்தான். கிளை நுனிகள் முள்ளாகக் கூராகியிருக்கும், இலைகள் சின்னவை, வறட்சியில் அவற்றையும் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். எனக்குப் பிடித்தது அதன் பட்டைதான்: மெல்லிய கடதாசி போல உரிந்துகொண்டே இருக்கும், உரிந்த இடத்தில் உள்ளே பச்சை தெரியும். வருடத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் கொழும்பில் மாடித் தொட்டியில் வைத்துப் பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார், வேர் அழுகிவிடும் ஐயா.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது அவ்வளவு அந்நியமான செடியும் இல்லை. வேலிக் கிளுவையும் இதே கொமிபோராப் பேரினம்தான், வெள்ளைப்போளம் தரும் செடியும் அப்படியே. கிளுவைத் தடியை வெட்டி நட்டால் துளிர்க்கிறதல்லவா, குக்குலுவையும் அப்படித்தான் தண்டு வெட்டி நட்டுப் பெருக்குகிறார்கள்.

விதைக் கதைதான் விசித்திரம். பெரும்பாலும் பெண் செடிகள்தான் கண்ணில் படும், ஆண் செடி அபூர்வம். மகரந்தமே விழாமல் சூலகத்துக்குள் இருக்கும் தாயின் திசுவிலிருந்தே கரு உருவாகிவிடும், சில சமயம் ஒரே விதைக்குள் ஒன்றுக்கு மேல். பாலைவனத்தில் துணை கிடைக்காத செடிக்கு நல்ல ஏற்பாடுதான், ஆனால் பிள்ளைகள் எல்லாம் தாயின் அச்சு என்பதால் ஒரு நோயோ பெரிய வறட்சியோ வந்தால் எல்லாம் ஒன்றாகவே தடுமாறும்.

பிசின் என்பது செடி தன் காயத்தை மூடுவதற்குச் சுரப்பது. பட்டையில் கீறினால் மெதுவாக வடிந்து இறுகும், ஒரு செடியில் 200 முதல் 500 கிராம் வரை கிடைக்கும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு, அதுவும் பல வருடங்கள் வளர்ந்த செடியில். அந்த அளவு போதாது என்று ஆழமாக வெட்டி, வெட்டில் மயில்துத்தம் (செப்பு சல்பேற்று) போன்றவற்றைக் கலந்த பசையைத் தடவுவார்கள். பிசின் கொட்டும், அதோடு செடி செத்தும் போகும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது இன்று மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இனம். அதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இவ்வளவும் கொடுத்து வாங்கும் மருந்து என்ன செய்கிறது? பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதையில் கொழுப்பு நோய்க்குச் சொன்னதைப் படித்து, 1960களில் ஆய்வாளர் ஜி. வி. சத்யவதி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொடுத்துப் பார்த்தார், கொலஸ்ரோல் இறங்கியது. அங்கிருந்துதான் நவீன ஆய்வுகள் தொடங்கின, இந்தியாவில் மருந்தாகவும் விற்பனைக்கு வந்தது. ஆனால் 2003இல் அமெரிக்காவில் 103 பேரை வைத்து 8 வாரம் சோதித்துப் பார்த்தபோது, குக்குலு எடுத்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ரோல் இறங்கவில்லை, 4, 5 வீதம் ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 5 வீதம் இறங்கியது! குக்குலு எடுத்த சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது.

ஆயுர்வேதத்தில் இதைத் திரிபலாக் கஷாயம் போன்றவற்றில் சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு சேர்த்து, ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சாற்றை மட்டும் பிரித்தெடுத்துப் போத்தலில் அடைத்த குளிசை அது இல்லை, இரண்டையும் ஒரே தட்டில் வைத்து மொத்தமாகப் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். ஆனால் கொலஸ்ரோலுக்கோ தைரொயிட்டுக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள், நடைப்பயிற்சி நண்பர் சொன்னார் என்று இதையும் சேர்த்து விழுங்காதீர்கள். அந்த மருந்துகளோடு இது மோதக்கூடியது, வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.