மூன்றடி உயரம்

நொறுக்குத்தீனி பாக்கெட் சரத்தை மூன்றடி உயரத்தில் கட்டச் சொன்னேன். கம்பெனி விற்பனை ஆளாக நான் கடை கடையாகப் போகிற கோவில்பட்டி லைனில், ஒரு தொடக்கப்பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற பெட்டிக்கடை. "கைக்கு எட்டுனா புள்ளைக அதுகளே உருவிக்கிடும் தம்பி. எட்டலன்னா எங்கிட்ட கேக்கணும்லா?" என்றார் கடைக்கார அக்கா.

அவ்வளவுதான் பேச்சு. லைன் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்று சொல்வார்கள். நாமும் கம்பெனி கொடுக்கிற சலுகை ஸ்கீமைச் சொல்லிச் சமாளித்துவிட்டு அடுத்த கடைக்கு வண்டியை எடுப்போம். இந்தப் பேச்சு மட்டும் ஏனோ விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

யோசித்துப் பார்த்தால், எங்களுக்குக் கொடுத்த பயிற்சி முழுக்க, பிள்ளை யாரிடமும் கேட்காமல் வாங்கவைப்பது எப்படி என்பதுதான். சரம் பிள்ளையின் கண் மட்டத்தில் தொங்க வேண்டும். கார்ட்டூன் வெளிப்பக்கம் தெரிய வேண்டும். விலை ஐந்து ரூபாயைத் தாண்டக் கூடாது. எண்ணெய் விலை ஏறினால் கிராமைக் குறைப்பார்கள், ரூபாயைத் தொடமாட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இருப்பது ஒரே ஒரு நாணயம். அதை நீட்டினால் மீதிச் சில்லறை எண்ணும் வேலைகூட இல்லை. அக்கா ஒரு முழம் உயர்த்திக் கட்டியதும் இதெல்லாம் வீணாகிவிடுகிறது. பிள்ளை அண்ணாந்து பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. "காலையிலதான வாங்குன?" என்று அவரும் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார். சில பிள்ளைகள் ஜாடியிலிருந்து கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விடுகின்றன.

என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கொண்டுவந்த விதி, பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்கிறது. அந்தக் கடை அதைத் தாண்டித்தான் இருக்கிறது. போனில் மேப்பை வைத்து அளந்தே பார்த்தோம். (அளந்து பார்க்கத் தோன்றியதே, அதை என்னவென்று சொல்வது?) அப்புறம், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, ஆனால் அதிலும் வெல்லப்பாகு இருக்கத்தானே செய்கிறது? கடலையில் புரதம் இருக்கிறதே என்று பதிலையும் நானே சொல்லிக்கொள்வேன்.

சிப்ஸ், சோடா வகையறாக்களைக் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு நடுவே விளம்பரம் செய்யக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. கம்பெனி மீட்டிங்கில் அதைப் படித்துக் காட்டிவிட்டு, இனி கடையில்தான் கவனம் வைக்க வேண்டும் என்றார்கள். டிவியில் வந்தால் விளம்பரம், கடையில் தொங்கினால் சரக்கு. அப்போது எனக்கும் அது சரியாகவே பட்டது. சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையும் உப்பும் அதிகமுள்ள பண்டங்களின் உறையில் கார்ட்டூனே போடக் கூடாது என்று பிற்பாடு படித்தேன். இன்னொன்றும் படித்தேன். விளம்பரம் என்பது தன்னை வாங்கவைக்கப் பார்க்கிற பேச்சு என்பதே எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பிடிபடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு ஒன்று 2004இல் சொல்லியிருக்கிறது. அந்தக் கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் அந்த வயசுதான்.

சரி, அன்றைக்கு என்ன செய்தேன்? டிஸ்ப்ளே ஸ்கீமில் மாதாமாதம் கடைக்குப் பணம் உண்டு. சரம் கீழே தொங்குகிற போட்டோவை அனுப்ப வேண்டும். "போட்டோ எடுக்கைல இறக்கிக் கட்டுதேன், அப்புறம் ஏத்திக்கிடுதேன்" என்றார் அக்கா. நான் தலையாட்டினேன். கம்பெனிக்குப் போட்டோ போனது, அக்காவுக்குப் பணம் வந்தது, பிள்ளைகள் பழையபடி அண்ணாந்து கேட்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று கொஞ்ச நாள் பெருமைகூட இருந்தது. அதே பீட்டில், அதாவது நான் சுற்றிவருகிற பகுதியில், மற்ற கடைகளில் சரம் மூன்றடியில்தான் தொங்கியது. அங்கே தேவைப்பட்ட இடத்தில் நானே ஆணி அடித்துக் கொடுத்தேன்.

இதில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அக்கா சொன்னதை நான் பிள்ளைகள்மேல் உள்ள அக்கறையாக எடுத்துக்கொண்டேன். "உருவிக்கிடும்" என்று அவர் சொன்னது, காசு கொடுக்காமல் உருவிக்கொண்டு ஓடுவதையாகவும் இருக்கலாம். பள்ளி விடுகிற நேரத்தில் முப்பது பிள்ளைகள் மொய்க்கிற கடை அது. திருட்டுக்குப் பயந்துதான் உயர்த்திக் கட்டினாரென்றால், நான் இத்தனை நாள் ஒரு கல்லாக் கணக்கை அறம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியே இருந்தாலும் என்ன, பிள்ளை கேட்கத்தானே செய்தது என்றும் தோன்றுகிறது. அவரிடமே கேட்டிருக்கலாம். ஆனால் திருட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டால், மற்ற கடைகளைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை என்று எனக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

இப்போது அந்த பீட்டைப் புதுப் பையன் ஒருவன் பார்க்கிறான். அந்தக் கடையில் போட்டோ ஒன்றாகவும் கடை ஒன்றாகவும் இருக்கிறதே அண்ணே, ரிப்போர்ட் பண்ணவா என்று கேட்டான். அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.